குறுக்கே நட்ட தூண்கள்

"கண்ட பயலுக்கும் குறுக்கு வழி நம்ம தெருதானா வே? மெயின் ரோட்டுல போக வக்கில்லாத பயலுவ!" என்று நலச்சங்கக் கூட்டத்தில் சீறினார் தலைவர் நெல்லைநாயகம்.

அவரைவிட ஓடியாடி உழைத்தவள், கல்லூரியில் பாடம் நடத்தும் அவர் மகள் கோமதி. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். மாநகராட்சிக்கு நடையாய் நடந்தாள்.

"எம் மவளுக்கு அப்படியே என் ரோஷம்!" என்று ஊரெல்லாம் சொன்னார்.

கடைசியில், தெருவின் கிழக்கு முனையில் இரும்புத் தூண்கள் நட்டார்கள். ஆள் நுழையலாம், வண்டி நுழையாது.

மறுநாள் காலை, கோமதி பெட்டியோடு தூண்களுக்கிடையே நுழைந்து அந்தப் பக்கம் போனாள். அங்கே காரோடு காத்திருந்தான் ரெக்சன். அவன் பெண் கேட்டு வந்தபோது, "மீன்காரப் பயலுக்கு என் வாசல்ல என்னலே வேலை?" என்று நெல்லைநாயகம் விரட்டியிருந்தார். போன தடவை இருவரும் கிளம்பியபோது, இதே வழியாகக் காரில் துரத்திப் போய் மகளை இழுத்து வந்தவரும் அவர்தான்.

இப்போதும் காரில் பாய்ந்து வந்தவர், தூண்களில் மோதாத குறையாகப் பிரேக் போட்டார்.

"ஏட்டி, நில்லு!"

ரெக்சனின் காரில் ஏறியிருந்த கோமதி கண்ணாடியை இறக்கினாள்.

"இங்கன வழி இல்லப்பா. தச்சநல்லூரைச் சுத்தித்தான் வரணும். பைய வாங்க."