ஜன்னலோரத்துத் தனி மேஜை

“மச்சான், நான் இன்னொரு பாவம் பண்ணிட்டேன்.”

குதிரைக்கு ஓட்ஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த, சபையின் ஒழுங்கைக் கவனிக்கும் டீக்கன் எலாம் திரும்பினார். லாயத்து வாசலில் தங்கை புருஷன் பெனுவல், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி. முகத்தில் வருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

“இன்னும் ரெண்டே நாள்தானேடா? ஞாயித்துக்கிழமை சபை உன்னைத் திரும்பச் சேத்துக்கப் போகுது.”

“அதான் இன்னிக்கே வந்துட்டேன்.”

பெனுவல் கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்து நீட்டினான். எலாம் ஓரடி பின்வாங்கினார். சபை விலக்கி வைத்தவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. பெனுவலுக்கே ஞாபகம் வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ரேடியோவை வைத்துவிட்டு விலகி நின்றான். அப்புறம் எலாம் எடுத்துக்கொண்டார். இப்படி எடுத்தால் குற்றமில்லை.

பேஸ்பால் வர்ணனை கேட்டானாம். முழு ஆட்டத்தையும். ரேடியோ, போன், மோட்டார், ரப்பர் டயர் எதுவுமே ஆமிஷ் சபைக்கு ஆகாது.

எலாம் விரல் விட்டு எண்ணினார். முதலில் வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் டயர் மாட்டினான். ஆறு வாரம் விலக்கு. அது முடிய ரெண்டு நாள் இருக்கும்போது வைக்கோலுக்குள் செல்போன். மறுபடி ஆறு வாரம். அதுவும் முடிகிற நேரத்தில் சபையைச் சேராத பக்கத்துப் பண்ணை இங்கிலீஷ்காரனின் டிராக்டரில் ஏறி, வயலைச் சுற்றி ஏழு ரவுண்டு. ஒருமுறைகூட யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவனே தேடி வந்து சொன்னான்.

“டிராக்டர்ல ஏழு ரவுண்டு அடிச்ச ஒரே ஆமிஷ்காரன் நீதான். பிஷப் போன தடவையே சொல்லிட்டார். நாலாவது பாவத்துக்கு ஆறு வாரம் கிடையாது. ஆயுசு முழுக்க விலக்கு. பெத்த பிள்ளை கல்யாணத்துலயும் நீ ஒதுங்கி உக்காந்துதான் சாப்பிடணும்.”

பெனுவல் தாடியைத் தடவி யோசித்தான்.

“அவ்வளவு வேண்டாம் மச்சான். ஒரு ஆறு வாரம் போதும்.”

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகும்படியும், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தானே வருவதாகவும் சொல்லி அனுப்பினார் எலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் தங்கை குடும்பம் உடைந்துவிடும். ரேடியோவை ஓட்ஸ் மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டுக் கிளம்பினார்.

தங்கை ஃபேனி வீட்டு நீள மேஜையில் பத்துப் பிள்ளைகள். ஒருத்தி பாலைக் கொட்டினாள், இரண்டு பேர் அதில் கப்பல் விட்டார்கள், எவனோ எலாமின் தாடியில் நூடுல்ஸைத் தொங்கவிட்டான். ஃபேனி இடுப்பில் பதினோராவது கைக்குழந்தையோடு நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

ஜன்னலோரத்தில் தனியாக ஒரு சின்ன மேஜை. வெள்ளை விரிப்பு. அதில் பெனுவல் மட்டும். அவனிடம் யாரும் உப்பை நகர்த்தச் சொல்லவில்லை, குழந்தையைப் பிடிக்கச் சொல்லவில்லை. அவனோடு ஒரே பாத்திரத்தில் பங்கு போடக் கூடாது என்பதால், அவன் முன்னால் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பைப் பலகாரம் முழுசாக ஒன்று. நீள மேஜையில் பதின்மூன்று பேருக்கு ஒன்று. எலாமுக்கு விரல் அகலத்தில் ஒரு கீற்று வந்தது.

பிள்ளைகளுக்கு இந்த விலக்கு கிடையாது. ஞானஸ்நானம் வாங்கிய பெரியவர்களுக்குத்தான். இருந்தும் ஃபேனி ஒரு பிள்ளையைக்கூட ஜன்னல் பக்கம் அண்ட விடவில்லை.

சாப்பாடு முடிந்து பெனுவல் வயலுக்குப் போனதும் எலாம் சமையலறைக்குள் நுழைந்தார்.

“கண்டுபிடிச்சிட்டேன். உன் புருஷன் பாவம் பண்றதே இந்த ஆப்பிள் பைக்காகத்தான். இப்படி உபசாரம் பண்ணினா எவன் திருந்துவான்?”

ஃபேனி தட்டு கழுவுவதை நிறுத்தவில்லை.

“வேற எதுக்குண்ணா சுடறேன்?”

எலாமுக்குப் புரியவில்லை.

“விலக்குன்னா எதெல்லாம் தனி? டீக்கன் நீங்களே சொல்லுங்க.”

“மேஜை தனி. பாத்திரம் தனி. கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்புறம் புருஷன் பெண்டாட்டிக்கு...” எலாம் நிறுத்தினார். காது சிவந்தது.

“கட்டில் தனி,” என்று முடித்தாள் ஃபேனி. “பதினஞ்சு வருஷத்துல பதினோரு பிள்ளை. இந்தப் பதினெட்டு வாரமாத்தான் நிம்மதியாத் தூங்கறேன்.”

“அப்போ ரப்பர் டயர்?”

“என் யோசனை. செல்போனும். டிராக்டர் மட்டும் அவரே சொந்தமா யோசிச்சது.”

நாலாவது பாவத்துக்கு ஆயுசு முழுக்க விலக்கு என்று எலாம் சொன்னதும் தட்டு கழுவிய கை நின்றுவிட்டது. மேஜையை அன்றைக்கே மச்சில் ஏற்றிவிடுவதாகவும், புருஷனிடம் தானே பேசிக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டாள். ரேடியோவைத் தான் பார்க்கவே இல்லை என்றார் எலாம்.

“இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே?”

“சேச்சே. புதன்கிழமை போர்வை தைக்க அண்ணி வந்திருந்தாங்க. அவங்ககிட்ட மட்டும்தான்.”

எலாம் குதிரையை விரட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அவருடைய பன்னிரண்டு பிள்ளைகள் நீள மேஜையைச் சுற்றி என்றைக்கும் இல்லாத அமைதியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னலோரத்தில் ஒரு சின்ன மேஜை. வெள்ளை விரிப்பு. முழுசாக ஒரு ஆப்பிள் பை. அதன் பக்கத்தில், ஓட்ஸ் மூட்டைக்கு அடியில் அவர் ஒளித்து வைத்திருந்த ரேடியோ.

பதின்மூன்றாவதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர் மனைவி லிடியா எட்டிப் பார்த்தாள்.

“புது பாட்டரி போட்டிருக்கேன்,” என்றாள்.