செருப்புக் காவல்

“உங்க ஜாதகத்த ஜோசியர்கிட்ட காட்டினேன் பெரியம்மா. தண்ணியில கண்டம் இருக்குதாம். ஹுஷாரா இருக்கச் சொன்னாரு.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையைப் பார்த்து நடந்த வேதநாயகிப் பெரியம்மா, நான் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டாள்.

முகம் சுண்டிப் போயிற்று.

ஜோசியர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. ராகு காலத்தில் தொம்மலூர் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டாள்.

மூட்டு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து கடலில் கால் நனைக்க வேண்டும் என்று நச்சரித்தவள். பெங்களூரிலிருந்து மாமல்லபுரம் வரை என் காரில் வழி நெடுகக் கடல் பேச்சுதான்.

மணலில் துண்டை விரித்து அவளை உட்காரவைத்தேன். என் செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் விட்டேன்.

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

சின்ன வயதில் ஒவ்வொரு மே மாதமும் பெரியம்மா குடும்பத்தோடு வேனில் இங்கேதான் வருவோம். அவள் பிள்ளைகள் உமேஷும் வீணாவும் அலையில் புரண்டு, மூக்கில் தண்ணீர் ஏறிக் கத்துவார்கள். நான் கரையில் எல்லோருடைய செருப்புக்கும் காவல்.

எனக்குத் தண்ணீரில் கண்டமாம். பெரியம்மாதான் தன் ஜோசியரிடம் கேட்டு வந்து சொன்னாள். அம்மா பதறிப்போய் என்னைக் கோயில் குளத்துப் பக்கம்கூட விடவில்லை.

ஒரு வருடம் நாய் ஒன்று வீணாவின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதற்குப் பெரியம்மாவிடம் அறையும் வாங்கினேன்.

என் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர், கண்டமா, அப்படி ஒன்றும் இல்லையே என்று சிரித்தார்.

ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது. இன்றுவரை எரிகிறது.

நான் மட்டும் தண்ணீரைப் பார்த்து நடந்தேன்.

முதல் அலை கணுக்காலைத் தொட்டதும் கால்கள் தாமாகப் பின்வாங்கின. பக்கத்தில் பொடிசுகள் குதித்துக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டு வயதுக்காரி நான் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து பெரியம்மா கத்தினாள்.

“அடி இளவேனில், பயப்படாம போடி! உனக்குக் கண்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. செருப்பு பாத்துக்க ஆளு வேணும்னு அன்னிக்குச் சும்மா சொன்னது!”

சும்மா.

அதையும் எத்தனை ஆசையாகச் சொல்கிறாள்!

திரும்பிப் பார்த்தேன். என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, எங்கோ வரும் நுரை தன்னைத் தொட்டுவிடுமோ என்று கால்களை இழுத்து மடக்கி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் கடலைவிட்டு நகரவில்லை.

அவள் சொன்ன அதே வார்த்தைகளை நானும் அவளுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

அவளுடைய ஜாதகத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

“செருப்பு பத்திரம் பெரியம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த அலைக்குள் காலை வைத்தேன்.