தோள்வலிக்காரி

வில்லியனூர் கிளினிக்கில் அன்று சரண்யாவுக்குக் கடைசித் தேர்வு. பிசியோதெரபியில் முதுநிலை முடித்துவிட்டு, மூட்டுகளைக் கையாலேயே அசைத்துச் சரிசெய்யும் மேற்பயிற்சியில் சேர்ந்திருந்தாள். தேர்வாளர் ராஜ்மோகன் எதிரில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் தோள்வலி என்று தையலம்மாள் படுத்திருந்தார்.

சரண்யா தோளைப் பிடித்து மெல்ல அசைத்தாள்.

"இன்னா புடி இது? கையில உசுரே இல்ல. காலைல எதுனா துன்னியா இல்லியா?"

"கொஞ்சம் தளர்வா இருங்கம்மா."

"நான் தளர்ந்துதான் கெடக்குறேன். ஒனக்குப் பட்டம் குடுத்தவனத்தான் சொல்லணும்."

சரண்யாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் முகம் சுளிக்காமல் வேலையை முடித்தாள்.

"எழுந்து கையைத் தூக்குங்கம்மா," என்றார் ராஜ்மோகன்.

தையலம்மாள் முனகிக்கொண்டே தூக்கினார். கை காதைத் தொட்டது.

"இந்த வாய்க்கு முன்னாடி நிதானமா வேலை செஞ்சதே பெருசு," என்று சிரித்த ராஜ்மோகன், "நீ பாஸ்மா," என்றார்.

தையலம்மாளோடு ஒரே ஆட்டோவில் ஏறியதும் சரண்யா வெடித்தாள். "சொந்தக்காரங்களக் கூட்டினு வரக்கூடாதுன்னு ரூலு. வர வேண்டிய பேஷன்ட் வரலன்னு ஒங்கள இட்டாந்தேன். அதுக்குன்னு மருமவள இப்படியா திட்டுவீங்க அத்த?"

"நல்லா செய்யிதுன்னு சொன்னா, மாமியாருன்னு அந்தாளு கண்டுபுடிச்சிட மாட்டாரா?"

"அதுக்குன்னு அவ்ளோ தத்ரூபமாவா?"

தையலம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"தோள்வலின்னு நடிக்கறதுதான்டி கஷ்டமா இருந்துச்சி. திட்டறதுல இன்னா நடிப்பு?"