நாற்பத்திரண்டு புள்ளிகள்

“இன்னொரு டீ குடிங்கண்ணே. எங்க தோட்டத்துல நாப்பத்திரண்டு கண்ணிவெடியையும் எடுத்துக் கொடுத்த புண்ணியவான் நீங்க!”

வந்தவர் வெட்கத்தோடு, பாதி டீ மிச்சமிருந்த டம்ளரைக் கையால் மூடினார். “போதும்மா.”

“அதெப்படிண்ணே, பூமிக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி ஒண்ணு விடாம எடுத்தீங்க?”

அவர் பையிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்து விரித்தார். கிணறு, வேலி, நாற்பத்திரண்டு சிவப்புப் புள்ளிகள்.

“சண்டையில நான் எதிர்ப்பக்கம்மா. புதைச்சதே நான்தான். புதைச்ச இடத்தை வரைஞ்சு வைக்கணும்கிறது போர்ச் சட்டம். தோத்து ஓடும்போது கிழிச்சுப் போடச் சொன்னாங்க. மனசு வரல.”

அவள் வெளியே பார்த்தாள். தோட்டத்தில் மகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

“டீ ஆறிப்போச்சுண்ணே” என்று டம்ளரை வாங்கி, சூடாக நிரப்பிக் கொடுத்தாள்.