கன்னத்தில் அடக்கியது

பொத்தோசி மலையில் சுரங்கத்துக்குப் போகிறவனின் கன்னம் புடைத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பசியும் வலியும் தெரியாமலிருக்கக் கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளாமல் எவனும் உள்ளே இறங்குவதில்லை. செவேரோவின் இடது கன்னமும் புடைத்திருந்தது.

"பல்வலி எப்படியிருக்கு?" என்றாள் மனைவி பசிலியா, சூப்பை வைத்தபடி.

"போயிடுச்சு. எல்லாம் இலை பண்ற வேலை."

"சீழ் வச்ச பல்லு இலைக்கு அடங்குமா? வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கலாம், இல்ல புடுங்கிடலாம், சும்மா விட்டா தொண்டைக்கு இறங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"ஊசி போடுவாங்கடி."

"தினமும் வெடி வைக்கிற ஆளு, ஊசிக்குப் பயப்படுறியே!"

"வெடின்னா திரியைப் பத்த வச்சிட்டு ஓடிடலாம். அந்த நாற்காலியில உக்காந்தா எங்க ஓடுறது?"

பசிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இலையைத் துப்பிட்டுச் சாப்பிடு. சூப்பு ஆறுது."

"அப்புறமா."

"நேத்தும் இதையேதான் சொன்னே. துப்புய்யா!" அவன் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள்.

செவேரோ வாயைத் திறக்கப் பார்த்தான். ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் அது திறக்கவில்லை.

"துப்புறதுக்கு உள்ள இலை எதுவும் இல்ல, பசிலியா."