கன்று போடும் வரை

“மாட்டுக்கு ஏதாச்சும் ஆச்சு, நீ உங்க அண்ணன் வீட்டுக்கு நடையைக் கட்டு!”

கால்நடை டாக்டர் கொட்டகைக்குள் நுழையும்போதே வீட்டுக்காரரின் குரல் கேட்டது. அவர் மனைவி தூணோரம் நின்றிருந்தாள்.

முந்தின நாள் கன்று போட்ட பசு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தது. காதைத் தொட்டுப் பார்த்தார் டாக்டர். சில்லென்றிருந்தது.

“சினையில கால்சியம் டானிக் கொடுத்தீங்களாம்மா?”

“தினம் ரெண்டு வேளை. ஒரு நாள்கூடத் தவறல டாக்டர்.”

கூட வந்த உதவியாளர் மருந்து பாட்டிலை உயர்த்திப் பிடிக்க, டாக்டர் பசுவின் கழுத்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார். பாட்டில் காலியாகும் நேரத்தில் பசு ஏப்பம் விட்டது. கொஞ்ச நேரத்தில் தள்ளாடி எழுந்து நின்றது.

“டானிக் கொடுத்துமா விழுந்துச்சு?” என்றார் வீட்டுக்காரர்.

“கொடுத்ததாலதான். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா, கழுத்துல ஒரு சுரப்பி ஹார்மோனை விட்டு எலும்புல இருந்து எடுத்துக் கொடுக்கும். நாம ஊத்திக்கிட்டே இருந்தா அது தூங்கிடும். கன்று போட்டதும் கால்சியமெல்லாம் பாலுக்கு ஓடுறப்போ, சட்டுன்னு முழிக்காது.”

“அப்போ இவதான் படுக்க வச்சிருக்கா! போன மாசம் நான் வெளியூர் போயிருந்தப்ப டாக்டர் சீட்டு கொடுத்தாரே, எங்கடி அது?”

மாடத்தில் இருந்த டானிக் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து அவள் சீட்டை எடுத்தாள்.

கணவர் கை நீட்டுவதற்குள் டாக்டர் வாங்கிக்கொண்டார். படித்தார். சட்டைப்பையில் வைத்தார்.

“தப்பு என்னுது. நான்தான் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். அடுத்த தடவை கடைசி மாசம் டானிக்கைத் தொடாதீங்கம்மா.”

“நீங்கல்லாம் ஒரு டாக்டரா? பரீட்சையில யாரைப் பார்த்து எழுதினீங்க?”

வீட்டுக்காரர் கத்தித் தீர்க்கும்வரை டாக்டர் வாளியில் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

ஜீப்பில் ஏறியதும் உதவியாளர் பொரிந்து தள்ளினார்.

“சார், அன்னைக்கு நானும் கூடத்தானே இருந்தேன்! ‘கன்று போடும் வரை கால்சியம் கூடாது’ன்னு கொட்டை எழுத்துல எழுதினீங்க. வாயாலயும் ரெண்டு தடவை சொன்னீங்க. மாட்டுக்கு ஏதாவது ஆயிடுமோங்கிற பயத்துல அந்தம்மா ஊத்தினதுக்கு, நீங்க எதுக்கு சார் திட்டு வாங்கணும்?”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் கன்றைப் பசுவிடம் விட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் செஞ்சது சரியான்னு தெரியலப்பா. மாட்டை எழுப்பி நிறுத்திட்டு, அவங்களைக் கீழே தள்ளிட்டு வர மனசு வரல.”