ஜீப்புக்கு அடியில்

"கண்ணு சரியா தெரியாத மனுஷருக்கு வண்டியை வேற உசத்திக் குடுக்கப் போறீங்களா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

மனைவி கேட்டுக்கொண்டிருக்க, வாத்தியார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். வகுப்பில் கணீர் கணீர் என்று பேசுகிறவருக்கு அப்பா எதிரில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் தெருமுனையில் அப்பா ஜீப்பைத் திருப்பியபோது, சைக்கிளில் வந்த சின்னப் பெண் துள்ளிக் குதித்துத் தப்பித்தாள். கண் டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார். இனிமேல் வண்டியைத் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவது, வேறு யார்? வாத்தியார்தான்.

"உயரமான ஸ்பிரிங் மாட்டி ஜீப்பைத் தூக்கி நிறுத்தணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அதை நிறைவேத்திட்டுப் பக்குவமா சொல்லிடறேன். வண்டிக்கு அடியில ரெண்டு பேரும் மல்லாந்து படுத்திருப்போம். மூஞ்சியைப் பார்க்காம சொல்லிடலாம்."

"நல்ல இடம் பார்த்தீங்க போங்க! சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

ஷெட்டில் அப்பா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்த பார்சலைப் பிரித்து, புது ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் போல முகத்தில் அத்தனை களை.

ஜாக்கி வைத்து ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, இருவரும் அடியில் நுழைந்தார்கள்.

அப்பா போல்டுகளை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். துருப்பிடித்த ஒன்று மட்டும் அசைய மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, இரண்டு தட்டுத் தட்டி, அதையும் வழிக்குக் கொண்டுவந்தார்.

"அப்பா..."

"பெரிய ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தார் வாத்தியார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தாராளமா சொல்லு. அதுக்கு முன்னாடி அந்த ஜாக்கியை ஒரு அழுத்து அழுத்து."

ஜாக்கி ஏறியது. வாய்வரை வந்த வார்த்தை இறங்கிவிட்டது.

"என்னடா, முகம் செத்துக் கிடக்கு?"

"முகம் தெரியுதாப்பா?"

"உன் முகத்தைப் பார்க்கக் கண்ணு எதுக்குடா? நீ மூச்சு விடறதுலயே தெரியுது. பிடி, ஸ்பிரிங் நழுவுது பாரு!"

பிடித்தார். பழைய ஸ்பிரிங் போய்ப் புதியது உட்கார்ந்தது. ஒவ்வொரு மூலையிலும் இதே கதை. வேலை முடிந்தபோது அப்பா சாக்கை உதறி எழுந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வாத்தியாரும் ஊர்ந்து வெளியே வந்து ஜாக்கியை இறக்கினார்.

ஜீப் கம்பீரமாக நின்றது. வேடிக்கை பார்க்க எதிர்வீட்டு டெய்லர் வந்தார், பக்கத்துவீட்டு அக்கா வந்தார்.

"சாவியைக் குடு. நான்தான் எடுப்பேன்," என்றார் அப்பா.

வாசற்படியில் நின்ற மனைவி, வாத்தியாரைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தாள்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஒருமுறை தடவினார். இன்ஜின் உறுமியது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ரிவர்ஸ் போட்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தார்.

டங்!

ஜீப்பின் கூரை ஷெட் வாசலின் இரும்பு உத்தரத்தில் முட்டி நின்றது.

எல்லாரும் ஓடி வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் டெய்லர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"அடடா! ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தர்ற வாத்தியார், வாசலை அளக்க மறந்துட்டாரே!"

சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா.

"டயர்ல காத்தைக் குறைச்சா வெளியே வந்துடும் ஐயா," என்றார் டெய்லர்.

"தினமும் காத்தைப் பிடுங்கி, காத்தை அடிச்சு... எனக்கு வேற பொழைப்பு இல்லையா?"

"அப்ப திரும்பக் கழட்டிடலாம்."

"என் இடுப்பு என்ன கடையிலயா விக்குது? நிக்கட்டும் விடுய்யா." அப்பா சாவியை மருமகளிடம் நீட்டினார். "இந்தாம்மா. இனிமே இது வீட்டுக்கு ஒரு அலமாரி. பழைய பேப்பர், கிழிஞ்ச குடை எல்லாத்தையும் இதுல போட்டுக்க. நாளைக்கு என்னை லைப்ரரியில உன் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவியா?"

"ஓ, வாங்க மாமா!"

அப்பா கை கழுவப் போனதும் மனைவி ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"பலே ஆளுங்க நீங்க! வாயே திறக்காம காரியத்தை முடிச்சுட்டீங்களே! நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

வாத்தியாருக்குக் கூச்சமாக இருந்தது. "ஐயோ, நான் ஒண்ணும் செய்யலம்மா. ரெண்டு இஞ்ச் உயர்த்தற செட்டுதான் கேட்டேன். அது வாசல்ல தாராளமா போகும். கடைக்காரர் ஏதோ மாத்தி அனுப்பிட்டார்."

உடனே கடைக்குப் போன் போட்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு அனுப்பறீங்க!"

"கோவிச்சுக்காதீங்க சார். நாலு இஞ்ச்சா மாத்தச் சொன்னது உங்கப்பா. வாசல் உயரம் போதுமான்னு நான்கூடக் கேட்டேன். 'வெளியே வராதுன்னு அளந்து பார்த்துட்டுத்தான் கேக்கறேன். என் பையன் என்கிட்ட ஒண்ணைச் சொல்ல முடியாம தவிக்கிறான், அந்தக் கஷ்டம் அவனுக்கு வேண்டாம்'னாரே!"